கேட்கத் தெரிந்த ரசிகர்

(நூலக அரங்கு ஒன்றில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சூப்பர் ஹீரோ படங்களையும் அறிவியல் புனைகதைத் தொடர்களையும் பற்றி ரசிகர்கள் சொல்லும் கருத்துகளைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். நூலகத்தில் நின்று பேசத் தக்க பொருளா இது என்று சிலர் மனத்தில் எண்ணக்கூடும். தக்க பொருள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஊரில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழிலும் திரைக்கு வந்தது. தமிழ் வசனத்தை ஏ.ஆர். முருகதாஸ் எழுதினார். அயர்ன் மேனாக வரும் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா ஜெரிமையா. நாம் விரும்பும் கலைஞர்கள். ரசிகர்கள் கொண்டாடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்போம்? முன்னோட்டம் வந்ததும் ஏராளமான தமிழ் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் டோனி ஸ்டார்க் இப்படிப் பேசமாட்டாரே என்றார்கள். முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலே வேண்டும் என்றார்கள்.

அமெரிக்கக் கதாபாத்திரம், இரும்புக் கவசம், மொழிமாற்றுப் படம். இதில் எந்தக் குரலாக இருந்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கோ அந்த மனக்குறை மிக உயர்ந்த ஒன்றாகத் தோன்றியது. முதல் 'அயர்ன் மேன்' வந்தது 2008இல். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பாத்திரத்தைத் தமிழில் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் அவன் குரல் தாழும், எந்த இடத்தில் கேலி தொனிக்கும் என்றெல்லாம் அறிந்துவைத்திருந்த காதுகள் சொன்ன கருத்து அது. நடிகர்மீது பிழை இல்லை. புகழ்பெற்ற பெயர் ஒன்றை ஒட்டவைத்தால் போதும் என்று கணக்கிட்டவர்கள், இத்தனை காதுகள் இத்தனை ஆண்டுகளாக விழித்திருந்தன என்பதைக் கவனிக்கவில்லை.

ரசிகர் என்பதற்குச் சுவைஞர் என்று ஒரு தமிழ்ச்சொல் உண்டு. சுவைத்தவர்தான் சுவைஞர். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டபடி அமர்ந்திருப்பவர், பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் முகத்தாலேயே சொல்லிவிடுவார். தெருக்கூத்தில் விடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர், துரியோதனன் வேடம் கட்டியவர் நன்றாக ஆடினாரா என்பதைக் காலையில் டீக்கடையில் ஒரே வரியில் சொல்வார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓர் இரவு முழுக்க விழித்திருந்த கண்கள் இருக்கின்றன. அதனால்தான் அதற்கு எடை.

ரசிகரின் கருத்து மூன்று வழிகளில் செயல்படுகிறது என்பது என் எண்ணம். காத்தல், கேட்டல், ஆளுதல். முதல் இரண்டும் கலையை வளர்த்திருக்கின்றன. மூன்றாவது கலையையும் மனிதர்களையும் காயப்படுத்தியிருக்கிறது. இம்மூன்றுக்கும் வரலாற்றிலிருந்து சான்று காட்டுவதே இன்றைய என் பணி.

அதற்கு முன் ஓர் அடிப்படைச் செய்தி. சூப்பர் ஹீரோ என்பவனே ரசிகர்கள் பெற்ற பிள்ளை. 1926இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அதில் அச்சிட்டார்கள். சிறு செயல்தான், விளைந்தது பெரிது. ஆசிரியருக்கு எழுதிய வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். சங்கங்கள் அமைத்தார்கள். சொந்தச் செலவில் கையடக்க இதழ்கள் நடத்தினார்கள். கிளீவ்லேண்ட் நகரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற பள்ளி மாணவர் இருவர் அப்படி ஓர் இதழ் நடத்தினார்கள். 1933 ஜனவரியில் அதில் வந்த கதையின் நாயகன் பெயர் சூப்பர்மேன். அந்தக் கதையில் அவன் தீயவன். இருவரும் அவனைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள், வரைந்தார்கள். 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் காரைத் தலைக்குமேல் தூக்கியபடி வந்தான் நாம் அறிந்த சூப்பர்மேன். வாசகர் கடிதப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய தெய்வீகப் பலசாலி அவன். ஆகவே ரசிகர்களுக்கு இங்கே என்ன வேலை என்று யாரேனும் கேட்டால், வீட்டைக் கட்டியவர்களைப் பார்த்து அப்படிக் கேட்பது போலாகும்.

இனி, காத்தல்.

பிரிட்டனின் பி.பி.சி. 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' என்ற தொடரைத் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் டாக்டர் என்ற ஒருவரின் கதை. சிறுவர்கள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த தொடர் என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்தது. ஒருமுறை ஒளிபரப்பியதை மீண்டும் காட்டுவது அரிது. நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தார்கள். பிலிம் பிரதிகளையும் கழித்துக்கட்டினார்கள். அறுபதுகளின் தொடரிலிருந்து தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் காட்சியாக இன்று எங்கும் இல்லை.

ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இருக்கிறது. ஒரு பகுதிகூட விடுபடவில்லை. எப்படி? வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த சில ரசிகர்கள், தொடர் ஒளிபரப்பாகும் நேரத்தில் தொலைக்காட்சியிலிருந்து ஒலியைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூலி இல்லை. மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே காரணம். நிறுவனம் வேண்டாம் என்று அழித்ததை, விரும்பியவர்கள் படுக்கையறை அலமாரியில் காப்பாற்றினார்கள். பின்னாளில் அந்த ஒலிப்பதிவுகளின்மேல் அசைவூட்டப் படம் வரைந்து, தொலைந்த கதைகள் பலவற்றை அதே பி.பி.சி. வெளியிட்டது. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து நம் இலக்கியத்தை மீட்டவர்களின் வழியில் வந்த நாம், இந்தச் செயலின் அருமையை யாரும் சொல்லாமலே உணர்வோம்.

அந்தத் தொடர் 1989இல் நின்றுபோனது. அது நின்ற ஆண்டுகளில் ரசிகர்கள் நாவல் எழுதினார்கள், ஒலி நாடகம் தயாரித்தார்கள், இதழ் நடத்தினார்கள். 2005இல் தொடருக்கு மறுவாழ்வு தந்த ரஸல் டி. டேவிஸ், சிறுவயது முதல் அதன் ரசிகர். 1974இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில், அத்தொடருக்காக அது வெளியிட்ட சிறப்பிதழைப் பாராட்டி ஒரு பள்ளிச் சிறுவனின் கடிதம் வெளியானது. எழுதிய சிறுவன் பெயர் பீட்டர் கபால்டி. 2013இல் அவரே டாக்டராக நடிக்க வந்தார். ஒரு ரசிகரின் கருத்து எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கேட்டல்.

'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி.யில் தொடங்கியது. இரண்டாம் ஆண்டிலேயே அதை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி, ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுதவைத்தார்கள். கணினி இல்லாத காலம். புத்தக வியாபாரிகளிடமும் ரசிகர் சங்கங்களிடமும் முகவரிப் பட்டியல் வாங்கி, தட்டச்சு செய்து, நகலெடுத்து, தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள். பத்தின் விதி என்று ஒரு வழிமுறை வகுத்தார்கள்: நீங்கள் எழுதுங்கள், பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும்.

தொலைக்காட்சி நிறுவனத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1968 ஜனவரியில் கால்டெக் பல்கலைக்கழக மாணவர்கள் பர்பேங்க் நகரிலிருந்த என்.பி.சி. அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். மார்ச் முதல் தேதி இரவு, தொடர் அடுத்த ஆண்டும் உண்டு என்று நிகழ்ச்சியின் முடிவிலேயே அறிவிப்பாளர் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் மறக்கக் கூடாது. ரசிகர்கள் மீண்டும் எழுதினார்கள். இம்முறை நன்றிக் கடிதம்.

அடுத்த ஆண்டு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்ற பாழும் நேரத்தைக் கொடுத்தார்கள், செலவைக் குறைத்தார்கள், 1969இல் 79 பகுதிகளோடு தொடர் முடிந்தது. முயற்சி வீணாயிற்று என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றாம் ஆண்டு கிடைத்ததால்தான் உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்யும் அளவுக்குப் பகுதிகள் சேர்ந்தன. அதில்தான் ஒரு புதிய தலைமுறை அதைக் கண்டது. 1976இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு வேறு பெயர் முடிவாகியிருந்தது. ரசிகர்கள் அதிபர் ஃபோர்டுக்கு எழுதிய கடிதங்களால் அதற்கு 'எண்டர்பிரைஸ்' என்று, தொடரில் வரும் கப்பலின் பெயரையே வைத்தார்கள். அந்த ஓடம் சோதனைக்காகக் கட்டப்பட்டது, விண்வெளிக்குப் போகவில்லை. ஆனாலும் ஒரு கதையின் பெயர் ஓர் உண்மையான ஊர்தியின் நெற்றியில் ஏறியது.

இதே தொடரில் இன்னொரு ரசிகரின் கருத்தையும் சொல்ல வேண்டும். உஹுரா என்ற அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், முதல் ஆண்டு முடிவில் விலகி நாடக மேடைக்குப் போக முடிவுசெய்தார். அந்த வார இறுதியில் ஒரு விழாவில், உங்கள் ரசிகர் ஒருவர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்று சொல்லி ஒருவரை அழைத்துவந்தார்கள். வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். நீங்கள் விலகக் கூடாது, கறுப்பினத்தவரை எதிர்காலத்தில் சமமானவராக உலகம் உங்கள் வழியாகத்தான் பார்க்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். நிக்கல்ஸ் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் விலகவில்லை. 1977இல் நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளிப் பணிக்கு அழைக்கும் வேலையை மேற்கொண்டார். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். கிங் ஆணையிடவில்லை. அந்தப் பாத்திரத்தில் தாம் கண்டது என்ன என்பதை, நடித்தவருக்கே தெரியாத ஒன்றை, எடுத்துச் சொன்னார். ரசிகர் கருத்தின் உச்சம் அது.

இந்த வழக்கம் நம் காலத்திலும் தொடர்கிறது. 2018 மே மாதம் 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரை அதன் அலைவரிசை மூன்று பருவங்களோடு கைவிட்டது. ரசிகர்கள் பணம் சேர்த்து, சாண்டா மோனிகா நகரில் அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே, தொடரைக் காப்பாற்றுங்கள் என்ற பதாகையோடு ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்த மாதமே அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது. இன்னும் மூன்று பருவங்கள் வந்தன.

தமிழில் 'கேட்டல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டிக் கேட்பதும் கேட்டல். காது கொடுத்துக் கேட்பதும் கேட்டல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் மொழி இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. கேட்கும் உரிமை யாருக்கு? கேட்கும் பொறுமை உள்ளவருக்கு.

அந்தப் பொறுமை தவறிய கதைகளும் உண்டு. 1988இல் டிம் பர்ட்டன் தம் 'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தார். நகைச்சுவை நடிகராக அறியப்பட்டவர் இருளின் நாயகனா என்று எதிர்ப்புக் கடிதங்கள் வார்னர் நிறுவனத்தில் குவிந்தன. 1989இல் படம் வந்தது. அன்று முதல் இன்றுவரை அந்தப் பாத்திரத்தில் மிகவும் விரும்பப்படுபவர்களில் அவரும் ஒருவர். 2006இல் பேட்மேனின் எதிரியான ஜோக்கராக ஹீத் லெட்ஜர் என்று அறிவித்தபோதும் அதே எதிர்ப்பு. 2008 ஜனவரியில் அவர் இறந்தார். ஜூலையில் 'தி டார்க் நைட்' வெளிவந்தது. 2009இல் அந்த நடிப்புக்காக ஆஸ்கர் விருதை அவருடைய குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அதை அவரிடம் சொல்லத்தான் அவர் இல்லை. படம் பார்க்கும் முன்பே சொல்லும் தீர்ப்பு, விதையைத் தோண்டிப் பார்த்துவிட்டு மரத்தைக் குறை சொல்வது போன்றது.

கேட்டல் படைப்பாளிக்கும் வேண்டும். ஆனால் கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. 1982இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் திரைப்படத்தில் ஸ்பாக் என்ற பாத்திரம் இறக்கப்போகிறது என்ற செய்தி முன்பே கசிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். இயக்குநர் நிகோலஸ் மேயர் அந்த மரணத்தை நீக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு பயிற்சிக் காட்சி வைத்தார். அதில் ஸ்பாக் விழுந்து இறப்பது போலக் காட்டி, வெறும் பயிற்சிதான் என்று முடித்தார். ஓ, நாம் கேள்விப்பட்டது இதுதானா என்று அரங்கம் நிம்மதியானது. அதன்பின் இறுதியில் உண்மையான மரணம் வந்தபோது யாரும் தயாராக இல்லை, கண்ணீர் வந்தது. ரசிகர்களின் அச்சத்தை அவர் காதில் வாங்கினார், அதையே கதையின் இழையாக்கினார், தம் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அத்தொடரின் படங்களில் பெரும்பாலானோர் முதலிடம் கொடுப்பது அந்தப் படத்துக்குத்தான்.

மூன்றாவது, ஆளுதல். வருத்தத்தோடுதான் இந்தப் பகுதிக்கு வருகிறேன்.

1988 செப்டம்பரில் டி.சி. காமிக்ஸ் ஒரு சோதனை செய்தது. பேட்மேனின் துணைவன் ராபினாக அப்போது இருந்தவன் ஜேசன் டாட் என்ற சிறுவன். வாசகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஜோக்கர் அவனை அடித்துப்போட்டு, வெடிகுண்டு வெடிக்கும் இடத்தில் கதையை நிறுத்தினார்கள். இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள்: அவன் பிழைக்க ஓர் எண், இறக்க ஓர் எண். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். முப்பத்தாறு மணி நேரம். பிழைக்கட்டும் என்றவை 5,271 வாக்குகள். சாகட்டும் என்றவை 5,343. 72 வாக்கு வித்தியாசத்தில் சிறுவன் செத்தான். யாரோ ஒருவர் கணினியை வைத்து விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தாராம் என்று தாம் கேள்விப்பட்டதாகப் பதிப்பாசிரியர் டென்னிஸ் ஓ'நீல் பின்னாளில் சொன்னார்.

கற்பனைச் சிறுவன்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த எண்களை உற்றுப் பாருங்கள். எவ்வளவு விரும்புகிறாய், ஏன் விரும்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கடிதத்தில் கையெழுத்து இருந்தது, காரணம் இருந்தது, எழுதியவரின் முகம் இருந்தது. தொலைபேசி எண்ணில் அழுத்தம் மட்டுமே இருந்தது. கருத்து என்பது எண்ணிக்கையாக மாறிய நாள் அது. பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் அது முன்னோடி.

'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் கதையில் இரு முகங்களையும் சேர்த்தே காணலாம். இயக்குநர் ஜாக் ஸ்னைடர் 2017இல் தம் மகளைத் தற்கொலையில் இழந்து படத்திலிருந்து விலகினார். வேறொருவர் முடித்த படம் அந்த நவம்பரில் வெளியாகி ஏமாற்றம் தந்தது. ஸ்னைடர் எண்ணிய வடிவத்தை வெளியிடுங்கள் என்று ரசிகர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், அந்தத் தந்தையின் துயரத்தை மதித்து, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் அமெரிக்க அறக்கட்டளைக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 18 அன்று நான்கு மணி நேரப் படம் வெளிவந்தது. தலைவணங்கத் தக்க செயல் இது. ஆனால் அதே ரசிகர் இயக்கத்தின் பெயரால் நிறுவன அதிகாரிகள்மீது வசையும் மிரட்டலும் பாய்ந்தன. இயக்கத்தில் இயங்கிய கணக்குகளில் குறைந்தது 13 விழுக்காடு போலி என்று நிறுவனம் பெற்ற ஆய்வறிக்கையைச் சுட்டி 2022இல் 'ரோலிங் ஸ்டோன்' எழுதியது. உண்மையாக நேசித்தவரின் குரலோடு இயந்திரத்தின் இரைச்சலும் கலந்துவிட்டால், பாதிக்கப்படுபவர் உண்மையாக நேசித்தவரே. அவருடைய நியாயமான வேண்டுகோளையும் சந்தேகத்தோடு பார்க்க நேர்கிறது.

அடுத்து, மனிதர்கள். 2017 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடாய்' வெளிவந்தது. அந்தப் படவரிசையில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதல் ஆசிய அமெரிக்கப் பெண் கெல்லி மேரி டிரான். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள். அவருடைய பாத்திரம் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. திரைக்கதையில் அந்தக் கிளைக்கதை தொய்கிறது என்றும் வாதிடலாம். ஆனால் அவருடைய இனத்தையும் உடலையும் பழித்து மாதக்கணக்கில் எழுதினார்கள். 2018இல் அவர் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். அந்த ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதினார்: அந்தச் சொற்களைத் தாமே நம்பத் தொடங்கிவிட்டதுதான் பெருந்துன்பம் என்று.

அவருக்கு முன்னே அகமது பெஸ்ட். 1999இல் அதே படவரிசையின் 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸாக நடித்தவர். முழுக்கக் கணினியில் உருவான முதன்மைப் பாத்திரத்துக்கு உடலும் குரலும் கொடுத்த முன்னோடி. பாத்திரத்தின்மீது எழுந்த வெறுப்பு நடித்த இளைஞர்மீது விழுந்தது. அந்நாளில் உயிரை விடும் எண்ணத்தோடு ஒரு பாலத்தில் நின்றதாக 2018இல் அவரே வெளியிட்டார். இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு கலைஞர், தாம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலைக்காக.

இந்த இடத்தில் நிறுவனங்களின் பொறுப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. ரசிகர்களின் ஆரவாரத்தை இலவச விளம்பரமாக எடுத்துக்கொள்பவர்கள், அது வசையாக மாறும்போது தங்கள் நடிகரைத் தனியே நிற்கவிடுவது அறமில்லை. 2019இல் 'கேப்டன் மார்வெல்' வெளிவரும் முன்பே அதன்மீது எதிர்ப்பு குவிந்த நேரத்தில், 'ராட்டன் டொமேட்டோஸ்' தளம் வெளியாகாத படங்களுக்குக் கருத்துப் பதியும் வசதியையும், பார்க்க விரும்புவோரின் விழுக்காட்டைக் காட்டுவதையும் நீக்கியது. பார்க்காத படத்துக்குக் கருத்து எதற்கு என்ற எளிய நியாயத்தை ஏற்க அத்தனை காலம் ஆயிற்று.

ஆனால் அகமது பெஸ்டின் கதை அங்கே முடியவில்லை. 2023 மார்ச்சில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் வந்த 'தி மாண்டலோரியன்' தொடரின் ஒரு பகுதி. பழைய கோயில் எரிகிறது. ஒரு பச்சைக் குழந்தையைக் காக்க யாரும் இல்லை. கதவு திறக்கிறது. இரண்டு ஒளிவாள்களோடு ஒரு ஜெடாய் வீரர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவர் அகமது பெஸ்ட். ரசிகர்கள் கைதட்டினார்கள், கண்கலங்கினார்கள், அவரை வாழ்த்தி எழுதினார்கள். 1999இல் சிறுவர்களாக ஜார் ஜாரைப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்தவர்கள் வளர்ந்து வந்து, அவருக்கு உரியதைக் கொடுத்தார்கள். ரசிகர் கூட்டத்துக்குத் தன் பிழையைத் திருத்தும் ஆற்றலும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். படத்தை முழுதாகப் பார்த்தபின் பேசுங்கள். பிடித்ததென்றாலும் பிடிக்கவில்லையென்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். எந்தக் காட்சி, எந்த வசனம், எந்தக் குரல் என்று சுட்டுங்கள். உங்கள் பெயரில் எழுதுங்கள். பாத்திரத்தோடு சண்டையிடுங்கள், நடித்தவரின் நிறத்தையும் உடலையும் பிறப்பையும் தொடாதீர்கள். கேட்டது கிடைத்தால், 1968இல் அவர்கள் செய்தது போல நன்றிக் கடிதம் ஒன்று எழுதுங்கள். கிடைக்காவிட்டால், சீகலும் ஷூஸ்டரும் செய்தது போல உங்கள் சொந்தக் கதையை எழுதத் தொடங்குங்கள். எதிர்காலத்தையும் வேற்றுலகத்தையும் பற்றிய கதைகள் தமிழில் இன்னும் எத்தனையோ வர வேண்டியிருக்கின்றன. அவற்றை எழுதப்போகிறவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வலிமை பெரிதாகும்போது பொறுப்பும் பெரிதாகும் என்பதைத்தான் எல்லா சூப்பர் ஹீரோ கதைகளும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. கையில் ஒரு கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு ரசிகருக்கும் அந்த வலிமை இன்று வந்துவிட்டது. முதலில் கேளுங்கள், பிறகு கேளுங்கள்.